நெல்லுக்கு முன்வாசல் கொடுத்த வீடு

நெல்லுக்கென்று ஒரு வீட்டைக் கட்டிவிட்டு, மிச்ச இடத்தில் மனிதர்கள் குடியிருந்திருக்கிறார்கள்! முட்டுக்காட்டில் அந்தப் புதுப்பள்ளி வீட்டின் முன்னால் நின்றபோது எனக்கு அப்படித்தான் தோன்றியது. கட்டடம் எதையும் பார்த்து நான் கண் கலங்கியதில்லை. அன்று கலங்கினேன்.

நான் இறக்கக்கண்டிக்காரன். திருகோணமலையிலிருந்து நிலாவெளியைத் தாண்டிப் புல்மோட்டை வீதியில் போனால், களப்பின் மேலே ஒரு பாலம் வரும். அதுதான் எங்கள் ஊர். கடலும் வயலும் இரண்டுமே சோறு போட்ட ஊர். அம்மப்பாவின் மண்வீட்டுச் சுவரோடு ஒட்டி ஒரு பத்தி இறக்கியிருந்தார்கள். அதற்குள்தான் நெற்பட்டறை. மாரி மழை நாட்களில் பட்டறையின் பக்கத்தில் சாக்கை விரித்துப்போட்டுக் கதை கேட்போம். சுணை அரிக்கும், ஆனாலும் எழும்ப மாட்டோம். 1990இல் யுத்தத்துக்குப் பயந்து ஊரை விட்டு ஓடினோம். திரும்பி வந்தபோது அத்திவாரம் மட்டும் இருந்தது. அந்தப் பத்தியை இனிக் காணப்போவதில்லை என்று மனதை ஆற்றிக்கொண்டு எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன.

சென்னைக்கு ஒரு கலியாணத்துக்குப் போயிருந்தேன். மச்சாள்தான் சொன்னா, "நீங்கள் தக்ஷிணசித்ராவைப் பார்க்காமல் போகக்கூடாது" என்று. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் போகும் வழியில், முட்டுக்காட்டில் இருக்கிறது. டெபோரா தியாகராஜன் 1984இல் தொடங்கிய மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன், 1996 டிசம்பரில் அதைத் திறந்தது. வளாகத்துக்கு வடிவம் கொடுத்தவர் லாரி பேக்கர். அவர் வழியில் அதைத் தொடர்ந்தவர் பென்னி குரியாகோஸ். தென்னிந்தியாவின் பழைய வீடுகளை விலைக்கு வாங்கி, பிரித்து, ஏற்றி வந்து, மறுபடி பூட்டி நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீடும் இருக்கிறது, காஞ்சிபுரத்து நெசவாளர் வீடும் இருக்கிறது. எல்லாம் அழகுதான். ஆனால் கேரளப் பகுதிக்குள் நுழைந்ததும் என் கால்கள் அங்கேயே நின்றுவிட்டன.

கோட்டயத்துக்குப் பக்கத்துப் புதுப்பள்ளியில், 19ஆம் நூற்றாண்டில், ஒரு சிரியன் கிறிஸ்தவக் குடும்பம் கட்டிய வீடு அது. தேய்ந்து தேய்ந்து மெழுகுபோலான மரம். தாழ்ந்து இறங்கிய ஓட்டுக்கூரைக்குக் கீழே தலையைக் குனிந்துதான் போகவேண்டும். நிமிர்ந்தால் எதிரே நெல்லறை! கொல்லையில் இல்லை, குசினிக்குப் பின்னால் இல்லை. வீட்டின் முகத்திலேயே இருக்கிறது. வருகிறவன் முதலில் பார்ப்பது வீட்டுக்காரனின் முகத்தை அல்ல, அவனுடைய நெல் இருக்கும் இடத்தை. எங்கள் ஊரில் சாமி அறைக்குக் கொடுக்கும் மரியாதையை அங்கே நெல்லுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்தப் பக்கத்தில் இப்படிக் கட்டுவதை 'அறையும் நிரையும்' என்கிறார்கள். அறை என்றால் நெல் இருக்கும் மரப்பெட்டகம். நிரை என்றால் அதைச் சூழ்ந்த பலகைச் சுவர். இந்த அமைப்பின் புத்தியை நினைத்து நினைத்து எனக்கு ஆறவில்லை. அறையைத் தரையிலிருந்து உயர்த்திவிடுகிறார்கள். ஈரம் ஏறாது, எலிக்கும் லேசில் வழி கிடைக்காது, அடியால் காற்றுப் போகும். பல வீடுகளில் அதன் கீழேயே நிலவறையும் உண்டு. கதவு இன்னும் அழகு. பழைய கடைகளுக்குப் பலகை போடுவோமே, அதேபோல் காடியில் ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கும் பலகைகள். நெல் ஏற ஏறப் பலகை ஏறும். நெல் இறங்க இறங்க மேல்பலகையைக் கழற்றுவார்கள். எத்தனை பலகை மிச்சம் என்று பார்த்தாலே, அடுத்த அறுவடை வரை தாங்குமா என்று வீட்டுக்காரிக்குத் தெரிந்துவிடும். கணக்குப் புத்தகமே வேண்டாம்!

அறையைப் பூட்டியிருப்பது ஆணி அல்ல, பொளிவாயும் கழுந்தும். கோட்டயத்துத் தச்சர்களுக்குப் பலாவும் அயினியும் கைப்பழக்கம். மழைக்கு மரம் ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். அந்த மூச்சுக்கு இடம் விட்டுத்தான் பூட்டு வைத்திருக்கிறார்கள். அப்படிப் பூட்டியதால்தான் அதைக் கழற்றவும் முடிந்தது. சீமெந்தில் கட்டியிருந்தால் உடைத்திருக்கலாம், பெயர்த்திருக்க முடியாது. துண்டு துண்டாகக் கழற்றி, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி வங்கக்கடல் ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்திய பிறகும் அந்த வீடு வீடாகவே இருக்கிறது. இடம்பெயர்ந்தும் குலையாத ஒரு வீட்டை என் வாழ்நாளில் அங்கேதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது அந்தச் சொல் மனதுக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அறை... அறை... சட்டென்று பிடிபட்டது. எங்கள் வன்னியில் கொம்பறை என்கிறோமே! கம்புகளைப் பின்னி, மண்ணும் சாணமும் பூசி, கல்லுகளின் மேல் தூக்கி வைத்து, மேலே கூரை போட்ட அந்த நெற்கூடு. சிங்கள ஊர்களில் அதன் உடன்பிறப்புக்கு 'வீ பிஸ்ஸ' என்று பெயர். அதுவும் கல்லுகளின் மேல்தான் நிற்கும். புதுப்பள்ளி அறை தச்சனின் கைவேலை, கொம்பறை கமக்காரனின் கைவேலை. நெல்லை நிலத்தில் வைக்கக்கூடாது என்ற அறிவு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். அம்மப்பாவின் பட்டறைக்கும் அடியில் நாலு கல்லு இருந்தது. சின்ன வயதில் அந்தக் கல்லுகளுக்கிடையில் கையை விட்டு, கோழி இட்ட முட்டையை எடுப்போம். அது ஏன் அப்படி உயர்ந்து நின்றதென்று அறுபது வயதில், கடல் கடந்துபோய், இன்னொருவர் வீட்டுத் திண்ணையில் இருந்துகொண்டுதான் விளங்கிக்கொண்டேன்.

மச்சாள் இரண்டு தரம் வந்து கூப்பிட்டா. மூன்றாம் தரம் அவவும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டா. வாயில் அடைக்கும்வரை அந்தத் திண்ணையை விட்டு நாங்கள் அசையவில்லை.

சென்னைக்குப் போகிறவர்களுக்கு என் வேண்டுகோள்: ஒரு முழு நாளை முட்டுக்காட்டுக்கு ஒதுக்குங்கள். அந்த அறையின் பலகையில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். ஊரில் இருக்கிறவர்களுக்கு இன்னொன்று: உங்கள் வளவில் ஒரு கொம்பறையோ பட்டறையோ சரிந்துபோய்க் கிடந்தால், விறகுக்குப் பிரிக்க முன் ஒரு படம் எடுத்து, நீள அகலத்தை அளந்து எழுதி வையுங்கள். நான் ஊருக்கு வந்த மறுநாளே மண்வெட்டியோடு பழைய வளவுக்குப் போனேன். பற்றைக்குள் மூன்று கல்லுகள் கிடைத்துவிட்டன. நாலாவதைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.