திண்ணையும் பட்டாவும்: பேராக்கில் மிஷனரிக் குடியேற்றங்களின் நிறையும் குறையும்

மிஷனரிக் குடும்பம் ஒன்று அயல்மண்ணில் தனக்கென ஒரு வீட்டை அமைத்துக்கொண்டு, பின்னால் வந்து சேரும் புதியவர்களுக்கும் அதே கூரையின்கீழோ அதன் அருகிலோ இடமளிக்கும் வழக்கம், பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிறித்தவ மறைப்பணிக்கு அச்சாணியாக இருந்தது. ஆப்பிரிக்க மறைப்பணி வரலாறுகளில் இது விரிவாகப் பேசப்பட்டிருக்க, மலாயாவின் பேராக் மாநிலத்தில் இதே வழக்கம் வேரூன்றிய கதை பெரும்பாலும் அந்தந்தச் சபையின் ஆண்டு மலர்களோடு நின்றுவிட்டது. ஆண்டு மலர்கள் நன்றி சொல்வதற்காக எழுதப்படுபவை, ஆதலால் கணக்குப் பார்க்கும் குரலை அவற்றில் எதிர்பார்ப்பதற்கில்லை. கணக்குப் பார்க்க முற்படுபவருக்கு இரண்டு சொற்கள் உதவும். ஒன்று திண்ணை, அதாவது வந்தவரை உட்காரவைத்துச் சோறிடும் மனம். மற்றது பட்டா, அதாவது மலேசியத் தமிழர் பேச்சில் ‘கிராண்டு’ எனப்படும் நில உரிமைப் பத்திரம். பேராக்கின் மிஷனரி வீடுகளில் திண்ணைக்குப் பஞ்சம் இருந்ததில்லை. பட்டா யார் பெயரில் எழுதப்பட்டது என்பதே இரண்டு மூன்று தலைமுறைக்குப் பின் வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் எங்கே குடியிருந்தார்கள் என்பதைத் தீர்மானித்தது.

ஆப்பிரிக்காவில் இந்த வழக்கம் எடுத்த வடிவத்தை முதலில் சுருக்கமாகக் காண்பது தகும். தென்னாப்பிரிக்காவின் குருமனில் இராபர்ட் மொஃபாட்டும் அவர் மனைவி மேரியும் வாய்க்கால் வெட்டித் தோட்டம் போட்டு எழுப்பிய நிலையம், உள்நாட்டுக்குச் செல்லும் ஒவ்வொரு புதிய மிஷனரிக்கும் தங்குமடமாயிற்று. டேவிட் லிவிங்ஸ்டன் அக்குடும்பத்தின் மகளையே 1845-இல் மணந்தார், அப்பெண்ணோ நிலையான வீடு காணாமலே 1862-இல் சாம்பெசி ஆற்றங்கரையில் இறந்தார். மொம்பாசாவுக்கு அருகில் 1875-இல் நிறுவப்பட்ட ஃப்ரியர்டவுன் இன்னொரு வகை: அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டவர்களுக்காக எழுந்த ஊர் அது, அதன் முதல் குடிகளுள் பலர் இந்தியாவின் நாசிக்கில் மிஷன் விடுதியில் வளர்ந்து ஆப்பிரிக்காவுக்குத் திருப்பி அழைத்துச் செல்லப்பட்டவர்கள். ஆதரவற்றோருக்கு வீடு தந்த அந்த ஊரிலேயே சில ஆண்டுகளுக்குள் குடிகளை மேலாளர் கசையால் அடித்தார் என்ற புகார் எழுந்தது. வீடு கொடுத்தவர் வீட்டாரை அடக்கியாளவும் உரிமை பெறுகிறார் என்ற எண்ணம் இவ்வழக்கத்தோடு ஒட்டிப் பிறந்தது. அதை ஒரு தனிமனிதரின் குணக்கேடாக மட்டும் ஒதுக்கிவிட முடியாது.

தமிழ் மண்ணில் இதற்கு இணையானது திருநெல்வேலிக் கிறித்தவக் குடியிருப்பு. மதம் மாறியதால் சொந்த ஊரில் இருக்க இயலாதவர்களுக்காக 1799-இல் தாவீது சுந்தரானந்தம் என்ற உபதேசியார் முன்நின்று உருவாக்கிய முதலூர், பெயருக்கேற்ப அவ்வரிசையில் முதலாவது. (உபதேசியார் என்பவர் குருப்பட்டம் பெறாமல் சபைமக்களிடையே வாழ்ந்து போதிக்கும் உள்ளூர் ஊழியர்.) 1841-இல் இடையன்குடிக்கு வந்த இராபர்ட் கால்டுவெல் தெருக்களை நேர்கோட்டில் வகுத்துக் கிணறு வெட்டினார், 1844-இல் அவரை மணந்த எலைசா, நாகர்கோவில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மகளாகத் தமிழைக் கேட்டே வளர்ந்தவர், ஊர்ப் பெண்களுக்குப் பின்னல் வேலை கற்பித்துக் கைக்காசு பார்க்க வழிசெய்தார். ஆனால் அதே கால்டுவெல் 1849-இல் அம்மக்களைப் பற்றி ஆங்கிலத்தில் வெளியிட்ட நூல் அவர்களை இழிவுபடுத்தியது. மிஷனரிமாரோடு பிணங்கிய உள்ளூர்க் கிறித்தவர் சட்டம்பிள்ளை 1857-இல் பிரகாசபுரத்தில் வெள்ளையர் தலையீடற்ற ஒரு சபையையே தனியாக அமைத்தார். விருந்தாளிகள் தங்கள் வீட்டைத் தாங்களே கட்டிக்கொள்ள முற்பட்டதற்கு அதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

பேராக்கின் நிலை வேறு. இங்கு மிஷனரியும் வந்தேறி, அவர் வரவேற்றவர்களும் வந்தேறிகள். 1874-ஆம் ஆண்டுப் பங்கோர் உடன்படிக்கைக்குப் பின் ஆங்கிலேய ரெசிடெண்டின் ஆட்சி நிலைபெற, ஈயச் சுரங்கங்களும் கிரியான் கரும்புத் தோட்டங்களும் ஆள்பிடிக்கத் தொடங்கின. பாரிஸ் அயல்நாட்டு மறைப்பணிச் சங்கத்தைச் சேர்ந்த ரெனே ஃபீ என்ற பிரெஞ்சுக் குரு, தமிழ் கற்று, 1880-களில் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கரைக் கோயிலைச் சுற்றிக் குடியமர்த்தினார். 1896-இல் அவரே மலாக்கா மறைமாவட்டத்தின் ஆயரானார். கத்தோலிக்கக் குருவுக்குக் குடும்பம் கிடையாது என்பது இங்கே ஒரு சுவையான விளைவைத் தந்தது: மெதடிஸ்ட் மிஷனரியின் மனைவி செய்த வேலை, அதாவது வந்தவரின் பசியறிந்து பாய் விரிக்கும் வேலை, பாகான் செராய் போன்ற ஊர்களில் உபதேசியாரின் மனைவியின் தலையில் விழுந்தது. ஆவணங்களில் குருவின் பெயர் இருக்கிறது. அடுப்படியில் நின்றவளின் பெயர் இல்லை.

ஈப்போவில் மெதடிஸ்டுகள் வேறு வாயில் வழியே நுழைந்தார்கள். வில்லியம் ஹார்லி 1895-இல் ஒரு மலாய் வீட்டில் நான்கு பையன்களோடு தொடங்கிய வகுப்பே பின்னாளில் லஹாட் சாலையில் பெருங்கட்டடமாக எழுந்த ஆங்கிலோ சைனீஸ் பள்ளி. பெயரில் சீனர் இருந்தாலும் அதன் வாங்குகளில் தமிழ்ப் பிள்ளைகளும் அமர்ந்தார்கள். ஆயினும் குடியேற்றம் என்ற சொல்லுக்கு முழுப் பொருளில் பொருந்துவது ஈப்போவன்று, கடலோரச் சித்தியவானே. சுரங்கக் கூலிகளுக்கு அரிசி விளைவிக்க ஆள் வேண்டும் என்று பேராக் அரசு கருதியது, கிறித்தவக் குடும்பங்களைக் கொண்டுவந்து ஒரு சபையை நிறுவ வேண்டும் என்று மிஷன் கருதியது. அரசுக்கு அரிசி, சபைக்கு ஆள் என்று இருவர் தேவையும் ஒத்துப்போக, ஜெர்மானிய மிஷனரி லூரிங் சீனாவின் ஃபூச்சோ பகுதிக்குச் சென்று திரட்டிய 363 பேர் 1903 செப்டம்பரில் சித்தியவானில் இறங்கினார்கள். உடன் வந்த சீனப் போதகர் லிங் சிங் மீ அவர்களுள் ஒருவராகவே வாழ்ந்தார். காட்டை வெட்டிய பின் அம்மண் நெல்லுக்கு ஒத்துவரவில்லை. குடியேறியவர்கள் ரப்பர் நட்டார்கள். 1910-ஐ ஒட்டி ரப்பர் விலை உச்சிக்குப் போனபோது, அரிசிக்கென்று போடப்பட்ட திட்டம் ரப்பரால் செழித்தது.

இவ்விடத்தில் நிறைவை மறைக்காமல் சொல்லவேண்டும். சித்தியவான் குடும்பங்கள் ரப்பர் நட்ட நிலம் அவர்கள் பெயரிலேயே இருந்தது. மிஷனரி அரசிடம் வாதாடியதும், முன்பணம் பெற்றுத் தந்ததும், காய்ச்சல் கண்டவர்களுக்கு மருந்து தேடியதும் உண்மையே. ஆயினும் சில ஆண்டுகளில் அவர்கள் அவரது தயவில் வாழ வேண்டிய நிலையில் இல்லை என்பதுதான் அவர் செய்த பணியின் சிறப்பு. சரவாக்கின் சிபுவிலும் இதுவே நடந்தது: 1901-இல் வோங் நாய் சியோங் கொண்டுவந்த ஃபூச்சோ மக்களிடையே 1903-இல் சேர்ந்து 1935-இல் மலேரியாவால் இறக்கும்வரை உழைத்த ஜேம்ஸ் ஹூவர், அவர்களுக்கு ரப்பர்க் கன்று கொடுத்தார், மரமோ நட்டவனுடையதாயிற்று. அதே சமயம், மிஷனே சித்தியவானில் அனாதை இல்லத்தோடு ஒரு ரப்பர்த் தோட்டமும் நடத்தியது என்பதையும், குடியேறியவர்களுக்குத் தரப்பட்ட காடு அரசுக் கோப்பில் மட்டுமே வெறும் காடு என்பதையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் கணக்கு முழுமையாகாது. அந்தக் காட்டில் வேட்டையாடியும் பிரம்பு வெட்டியும் பிழைத்தவர்களிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை. அந்த மண் யாருடையது என்று குருமன் நிலையத்தைப் பற்றி எழும் கேள்வி சித்தியவானுக்கும் எழும்.

தமிழருக்கு வாய்த்தது சித்தியவான் அன்று; அவர்களுக்கு வாய்த்தது லயம். ஒரே நீளக் கூரையின்கீழ்ப் பத்துப் பன்னிரண்டு கதவுகள், கதவுக்கு ஒரு குடும்பம், முன்னால் காலை நீட்டினால் முடிந்துவிடும் தாழ்வாரம், பின்னால் புகை படிந்த குசினி, வரிசைக்கொரு தண்ணீர்க் குழாய் என்றிருந்த இந்தத் தோட்டக் குடியிருப்பில், புதிதாக வருகிறவரை வரவேற்றவர் மிஷனரி அல்லர், கங்காணி. ஊரில் ஆள் திரட்டிக் கப்பலேற்றித் தோட்டத்தில் மேற்பார்க்கும் தரகரான அவர், தம் சொந்தக்காரர்களையும் சாதிக்காரர்களையும் ஒரே வரிசையில் குடிவைத்தார். அவர் நீட்டிய கை உறவின் கை, பிடித்த பிடி கடனின் பிடி. கங்காணி முறை 1938-இல் ஓய்ந்தது. லயமோ இருந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம் பிள்ளைகள் போதுமான எண்ணிக்கையில் இருந்த தோட்டங்களில் பள்ளி வைக்கச் சொன்னதால், ஒரு வாத்தியாரும் அவர் வழியே சில இடங்களில் ஒரு ஞாயிறு ஆராதனையும் வந்து சேர்ந்தன. வாத்தியாரே உபதேசியாராகவும் இருந்த தோட்டத்தில் அவர் வீடு ஏழைகளின் குருமனை, அதாவது போதகர் குடியிருக்கும் மனை, ஆயிற்று.

குருமனையின் உள்ளே ஒரு கணம் நின்று பார்த்தால் இவ்வழக்கத்தின் சுமை யார்மேல் இருந்தது என்பது விளங்கும். முன்கூடத்தில் கிடக்கும் நீள வாங்கு ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு, புதன் மாலை செபக்கூட்டத்துக்கு, மற்ற இரவுகளில் வேலை தேடி வந்த தூரத்துச் சொந்தக்காரன் படுப்பதற்கு. போதகரம்மாவின் உலையில் இரண்டு படி அரிசி கூடுதலாகவே கிடக்கும். யார் வருவார் என்பது தெரியாது, யாராவது வருவார் என்பது தெரியும். நோய்ப்பட்ட பெண் பேறுகாலத்துக்கு வந்து தங்குவாள், கணவனிடம் அடிபட்டவள் பிள்ளையோடு வந்து நிற்பாள், அவளைத் தேடி வரும் கணவனுக்கும் தேநீர் கொடுக்கவேண்டியிருக்கும். மறைப்பணிச் சங்கத்தின் சம்பளப் பட்டியலில் இந்த வேலைக்குத் தனிக் கட்டம் கிடையாது. மனைவியின் உழைப்பு கணவனின் சம்பளத்துக்குள் அடங்கியதாகக் கொள்ளப்பட்டது. இந்தக் குருமனைகள் உண்மையில் பலரைக் காப்பாற்றின, அதில் ஐயமில்லை. ஆனால் தன் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொள்ளும் உரிமையைக்கூட விட்டுக்கொடுத்த பெண்ணை ‘தியாகி’ என்று புகழ்வது, அவளுக்குச் சேரவேண்டிய கூலியைப் பற்றிப் பேசாமலிருக்கக் கிடைத்த வசதியான வழியாகவும் இருந்தது.

வரவேற்பின் இன்னொரு முகத்தை அரசு காட்டியது. சுங்கை சிப்புட்டில் 1948 ஜூன் 16 அன்று மூன்று தோட்டத் துரைகள் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களால் சுடப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிறந்தது. கம்யூனிஸ்ட் தலைவர் சின் பெங் சித்தியவானில் பிறந்து அங்கே மெதடிஸ்ட் பள்ளியிலும் சிறிது காலம் படித்தவர் என்பது, வீடும் பள்ளியும் கொடுத்தால் மனமும் கிடைத்துவிடும் என்று நம்பிய மிஷனரிகளுக்கு வரலாறு தந்த பதில் போலிருக்கிறது. 1950 முதல் காட்டோரச் சீனக் குடும்பங்கள் புதுக்கிராமங்கள் என்ற முள்வேலிக் குடியிருப்புகளுக்கு மாற்றப்பட்டபோது, சீனாவை விட்டு வெளியேற நேர்ந்த சீன உள்நாட்டு மிஷனைச் சேர்ந்தவர்கள் அந்த வேலிக்குள் வீடு பிடித்துக் குடியேறினார்கள். விருந்தினர் யார், விருந்தளிப்பவர் யார் என்ற வரிசை அங்கே தலைகீழானது: வெளிநாட்டுக் குடும்பம் புதியது, கிராமத்தாரும் புதியவர்கள், இருவர்க்கும் வீட்டுக்காரர் அரசாங்கமே. அந்த மிஷனரிகள் வேலிக்குள் வாழத் துணிந்தது நேர்மையான செயல். அவ்வேலியைப் பற்றி உரக்கப் பேசியிருந்தால் அந்நேர்மை இன்னும் நிறைந்திருக்கும்.

தோட்டத் தமிழருக்கோ துண்டாடல் வந்தது. பெரிய தோட்டங்களைச் சிறு பகுதிகளாகக் கூறுபோட்டு விற்கும் இந்தச் செயலால் 1950-களில் லயம் லயமாகக் குடும்பங்கள் வெளியேற நேர்ந்தபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த வீ. தி. சம்பந்தன் தொழிலாளரின் சிறு சேமிப்பைத் திரட்டி 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தமிழருக்காக நிலத்தை வாங்கும் காரியத்தை அது செய்தது. எனினும் அங்கும் பட்டா சங்கத்தின் பெயரில் இருந்ததேயன்றிக் குடும்பத்தின் பெயரில் இல்லை. லயத்து வீடு வேலையோடு கட்டப்பட்டதாகவே நீடித்தது. பின்னாளில் ரப்பர் மறைந்து செம்பனை வந்து, செம்பனையும் மறைந்து வீடமைப்புத் திட்டங்கள் வந்தபோது, சிம்மோரிலும் தஞ்சோங் ரம்புத்தானிலும் வயதான பால்மரத் தொழிலாளிகள் மலிவு வீடுகளைத் தேடி ஈப்போவை அடுத்த புந்தோங் பக்கம் நகர்ந்தார்கள். தோட்டத்துச் சிற்றாலயம் எந்தத் துரையின் அனுமதியில் எழுந்ததோ அந்த அனுமதியோடு போயிற்று, மாரியம்மன் கோயிலுக்கும் அதே கதிதான்.

இந்த இடத்தில் குருமனைக்கும் லயத்துக்கும் உள்ள ஒற்றுமை வெளிப்படுகிறது. மெதடிஸ்ட் முறையில் போதகர்கள் ஆண்டு மாநாட்டின் நியமனப்படி ஊர்மாற்றம் பெறுகிறார்கள். தெலுக் இந்தானில் முதலாம் படிவம் படிக்கும் பிள்ளை அடுத்த ஆண்டு தைப்பிங்கில் இரண்டாம் படிவத்துக்குப் போகலாம். புதியவர்களுக்கு இருபத்தைந்து ஆண்டுகள் கதவு திறந்துவைத்த போதகர் குடும்பம், பணி ஓய்வு நாளில் குருமனைச் சாவியை அடுத்து வருபவரிடம் ஒப்படைக்கிறது. தோட்டத்தில் ஓய்வு பெறும் பால்மரத் தொழிலாளியும் தன் வீட்டுச் சாவியைத் தோட்ட எழுத்தரான கிராணியிடம் கொடுப்பான். ஒருவர் கையில் வேதாகமம், மற்றவர் கையில் பால்வெட்டும் கத்தி என்பதைத் தவிர, இருவரும் வேலையோடு வந்த கூரையின்கீழ் வாழ்ந்து வேலையோடு அக்கூரையை விட்டவர்கள். இருவரும் அறுபது வயதில், பிள்ளைகளின் சம்பளச் சீட்டைக் காட்டி, அதே புறநகரில் அதே அடுக்குவீட்டுக்கு மனுப் போடுகிறவர்கள்.