அழிந்த படமும் எஞ்சிய ஒலியும்: ‘டாக்டர் ஹூ’ தொடரின் மூலபாடச் சிக்கல்

பிபிசி 1960களில் ஒளிபரப்பிய ‘டாக்டர் ஹூ’ தொடரின் பல பகுதிகள் இன்று இல்லை. இரண்டங்குல ஒளிநாடா விலை மிகுந்தது; அழித்து மீண்டும் பதியத்தக்கது. மறுஒளிபரப்புக்கோ நடிகர் சங்க ஒப்பந்தங்கள் வரம்பிட்டிருந்தன. எனவே பதிந்த நாடாவினும் வெற்று நாடாவே மதிப்புடையதாயிற்று. இதனை வெறும் அறியாமை என்று கொள்வது பொருந்தாது, அது கணக்கு.

எஞ்சியவை பெரும்பாலும் அயல்நாட்டு விற்பனைக்கென எடுக்கப்பட்ட 16 மி.மீ. படச்சுருள் படிகள். நைஜீரியாவின் ஜோஸ் நகரில் கிடைத்து 2013இல் வெளியானவையும் அத்தகையனவே. ஆகவே அக்காலத் தொலைக்காட்சி என இன்று மதிப்பிடப்படுவது, பெரிதும் விலைபோன தொலைக்காட்சியே.

‘தி டென்த் பிளானட்’ (1966) நான்காம் பகுதியில் வில்லியம் ஹார்ட்னெல் பேட்ரிக் ட்ரௌட்டனாக உருமாறுகிறார். தொடரின் நீண்ட வாழ்வுக்கு வழிவகுத்த அக்காட்சி, ‘புளூ பீட்டர்’ என்னும் சிறுவர் நிகழ்ச்சி 1973இல் அதனை எடுத்தாண்டதால் பிழைத்தது. பகுதி முழுமைக்கும் நேயர்கள் வீட்டில் பதிந்த ஒலி உண்டு. அதன்மீது அமைத்த அசைவூட்டப்படம் 2013இல் வெளிவந்தது. அது பயனுடையதே, எனினும் உரையாகுமேயன்றி மூலமாகாது. வசனம் நிற்குமிடங்களில் ஹார்ட்னெலின் முகக்குறிப்பை வரைந்தோரே இயற்றியுள்ளனர்.