டிராகுலாவின் மேல் படிந்த தூசு

‘நொஸ்ஃபராட்டு’ படத்தை நான் முதலில் பார்த்தது கல்லூரி விடுதியில், நடைபாதைக் கடையில் முப்பது ரூபாய்க்கு வாங்கிய விசிடியில். சவப்பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கவுண்ட் ஆர்லாக் ஊருக்குள் நுழைகிறார். சுவரெல்லாம் சுள்ளென்று வெயில். “பட்டப்பகல்ல என்னடா பேய்?” என்றான் ஒருவன். அறையே சிரித்தது. கடைசியில் விடியல் வெளிச்சம் பட்டு அதே ஆர்லாக் புகையாகக் கரைந்தபோது சிரிப்பு இன்னும் கூடியது. இவ்வளவு நேரம் வெயிலில் திரிந்தவனுக்கு இப்போது மட்டும் என்ன வந்ததாம்?

தப்பு இயக்குநர் முர்னாவ் மேல் இல்லை. 1922இல் கிடைத்த பிலிமுக்கு ராத்திரியில் படம்பிடிக்கும் சக்தி கிடையாது. பகலில் எடுப்பார்கள்; பிறகு பிரிண்டை நீலச் சாயத்தில் தோய்த்து இரவாக்குவார்கள். விளக்கெரியும் அறைக்கு மஞ்சள், விடியலுக்கு இளஞ்சிவப்பு. அன்றைய பார்வையாளருக்கு இந்தச் சாயமொழி பழக்கம். பின்னாளில் யாரோ அதைச் சாதாரணக் கறுப்பு வெள்ளை பிலிமில் பிரதி எடுத்தபோது சாயம் போயிற்று, சாயத்தோடு ராத்திரியும் போயிற்று. இந்தப் படத்துக்கு மூலமான பிராம் ஸ்டோக்கரின் நாவலில் டிராகுலா பகலிலும் நடமாடுவான். வெயில் பட்டால் சாவான் என்பது இந்தப் படம் சேர்த்தது. ஆக, சாயம் வெளுத்தபோது கதையின் முடிச்சே அவிழ்ந்துவிட்டது.

நாவலின் உரிமை வாங்காமல் எடுத்த படம். ஸ்டோக்கரின் மனைவி ஃபுளோரன்ஸ் தொடுத்த வழக்கில் எல்லாப் பிரதிகளையும் அழிக்கும்படி 1925இல் ஜெர்மானிய நீதிமன்றம் ஆணையிட்டது. வெளிநாடுகளுக்குப் போயிருந்தவைதான் தப்பின. அப்படிப் பிரான்சில் மிஞ்சிய, சாயம் பூசிய ஒரு பிரிண்டை முதன்மையாக வைத்து முர்னாவ் அறக்கட்டளை 2006இல் படத்தை மீட்டது. ஹான்ஸ் எர்ட்மன் எழுதிய பழைய இசையையும் திரட்டிச் சேர்த்தார்கள். அந்தப் பதிப்பின் வட்டை அக்கா மகனோடு உட்கார்ந்து பார்த்தேன். அதே தெரு, அதே சவப்பெட்டி, ஆனால் நீலத்தில். பையன் சிரிக்கவில்லை. காலை மட்டும் சோபாவின் மேல் தூக்கி வைத்துக்கொண்டான்.

வட்டு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, “படம் கிளியரா இருக்குமா?” குடும்பப் படத்துக்கு அந்தக் கேள்வி போதும், பேய்ப்படத்துக்குப் பாதிதான் பொருந்தும். எதை இருட்டில் விடுவது என்பதில்தான் பேய்ப்பட இயக்குநர்கள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அவர்கள் விட்ட இருட்டை அளவு குறையாமல் திருப்பித் தருவதுதான் மீட்பவரின் வேலை. அதற்குள் புதிதாக விளக்கேற்றுவதும், புதிதாக இருட்டுப் பூசுவதும் அவர் வேலையில்லை. இந்த இரண்டும் நடந்திருக்கின்றன, நல்லதும் நிறைய நடந்திருக்கிறது. டிராகுலா கதையை மட்டும் தொடர்ந்து போனாலே எல்லாவற்றையும் பார்த்துவிடலாம்.

1931இல் வெளிவந்த, டாட் பிரௌனிங் இயக்கிய ‘டிராகுலா’. பெலா லுகோசி வெறித்துப் பார்க்கும்போது ஒளிப்பதிவாளர் கார்ல் ஃபிராய்ண்ட் இரண்டு சின்ன ஒளிப்பொட்டுகளைக் குறிவைத்து அவர் கண்களில் மட்டும் விழவைத்தார். முகத்தின் மற்ற பகுதி மங்கிக் கிடக்கும். விஎச்எஸ்ஸில் இது வெறும் வெள்ளைத் தீற்றல். விசிடியில் இன்னும் மோசம். 352க்கு 288 புள்ளி, வினாடிக்குப் பதினோரு லட்சம் பிட் சொச்சம். இருட்டைத் தாங்க அதற்கு வக்கில்லை. கோட்டைப் படிக்கட்டில் டிராகுலாவின் அங்கி சதுரம் சதுரமாக உடைந்து தாயக்கட்டம் போல நெளியும். யுனிவர்சல் தன் நூற்றாண்டை ஒட்டி 2012இல் வெளியிட்ட ப்ளூரேயில்தான் அந்த இரண்டு பொட்டுகளையும் முதன்முதலாகப் பொட்டுகளாகப் பார்த்தேன். எண்பது வருடப் பழைய வித்தை முதுகைச் சில்லிட வைத்தது.

தெளிவுக்கு ஒரு விலையும் உண்டு. டிரான்சில்வேனியக் கோட்டைக்குள் ஆர்மடில்லோக்கள் ஊர்வது இப்போது ஓடு ஓடாகத் தெரிகிறது. அமெரிக்கக் கண்டத்துப் பிராணி அங்கே எப்படி வந்தது? பழைய டேப்பில் ஏதோ பெருச்சாளி என்று விட்டுவிடுவோம். ஆனால் அதை அழிக்காமல் விட்டார்களே, அதற்காக நன்றி சொல்வேன். படமெடுத்தவர்களின் அசட்டுத்தனமும் படத்தில் சேர்த்திதான்.

ஒலி விஷயத்தில் இந்தப் படம் இன்னும் சிக்கலானது. தொடக்க எழுத்துக்கு ‘ஸ்வான் லேக்’ ஒலிக்கும். அதன் பிறகு பின்னணி இசை அநேகமாக இல்லை. வசனங்களுக்கு நடுவே நீளமான மௌனங்கள். பழைய பிரதிகளில் அந்த மௌனத்தை இரைச்சல் நிரப்பியிருக்கும், வாணலியில் கடுகு பொரிவது போல. 2012 வட்டில் அந்தப் பொரியலைக் குறைத்தது நல்ல காரியம். முழுக்கத் துடைத்திருந்தால் அறையின் மூச்சும், லுகோசியின் ‘ஸ்’ உச்சரிப்பில் இருக்கும் சீறலும் சேர்ந்தே போயிருக்கும். வட்டில் இரைச்சல் லேசாக மிச்சமிருக்கிறது. அளவு தெரிந்த கை. 1936 மறுவெளியீட்டுக்காகத் தணிக்கைக்குப் பயந்து வெட்டிய டிராகுலாவுக்கு அடிமையான ரென்ஃபீல்டின் அலறலும், டிராகுலாவின் சாவு முனகலும்கூட லேசர் டிஸ்க் காலத்திலேயே திரும்பி வந்துவிட்டன.

பிலிப் கிளாஸ் இந்தப் படத்துக்காக எழுதி, குரோனோஸ் நால்வர் குழு வாசித்த இசையும் 1999 முதல் கூடுதல் ஒலித்தடமாகக் கிடைக்கிறது. இசை நன்றாகவே இருக்கிறது. ஆனால் ஐந்து நிமிடத்தில் அணைத்துவிட்டேன். மௌனம் இருந்த இடத்தையெல்லாம் வயலின் மெழுகிவிடுகிறது. வேண்டாமென்றால் அணைக்க ஒரு பொத்தான் இருக்கும்வரை எனக்குப் புகார் இல்லை.

நம் ஊர்க்காரர்கள் கவனிக்காமல் போன ஒரு குறையும் உண்டு. சினிமா வினாடிக்கு 24 சட்டகம். நம்முடைய பழைய ‘பால்’ (PAL) முறைத் தொலைக்காட்சிக்கு 25. பால் டிவிடியில் பெரும்பாலும் படத்தைக் கொஞ்சம் வேகமாக ஓட்டிச் சமாளித்தார்கள். 75 நிமிடப் படம் 72 நிமிடத்தில் முடிந்துவிடும், குரலும் ஒரு பிடி ஏறிவிடும். ஒவ்வொரு சொல்லையும் தேன் வழிவது போல இழுத்துப் பேசுவதுதான் லுகோசியின் பாணி. அவரையே அவசரப்படுத்தியிருக்கிறோம்!

கிரெய்ன் பற்றிய சண்டை பழையது என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பிலிமில் தெரியும் அந்தப் பொடி தூசு அல்ல, வெள்ளித்துகள் தந்த உருவமே அதுதான். அதை மென்பொருளால் வழித்தெடுத்தால் முகங்கள் மெழுகுப் பொம்மை ஆகிவிடும். குறையை மறைக்காமல் விட்டதும் உண்டு. லுகோசி படத்தின் அரங்கங்களிலேயே ராத்திரி ராத்திரியாக எடுத்து 1931இல் வெளிவந்த ஸ்பானிய ‘டிராகுலா’வில், சிதைந்துபோன ஒரு சுருளுக்குப் பதிலாகக் கியூபாவில் கிடைத்த பிரிண்டைச் சேர்த்தார்கள். ஒட்டுப்போட்ட அந்தப் பகுதி வீடியோவில் தனியாகத் தெரிந்தது. அந்தத் தழும்பு எனக்குப் பிடித்திருந்தது.

இனி 1958. ஹேமர் நிறுவனத்துக்காக டெரன்ஸ் ஃபிஷர் எடுத்த ‘டிராகுலா’, கிறிஸ்டோபர் லீயும் பீட்டர் குஷிங்கும் நடித்தது. இங்கே வண்ணம்தான் பேய். தொடக்கத்திலேயே சவப்பெட்டியின் பெயர்ப்பலகை மேல் பளீர்ச் சிவப்பு ரத்தம் சொட்டும். ஜாக் ஆஷரின் ஒளியில் கோட்டைக்குள் தேன்நிற வெதுவெதுப்பு. கல்யாண வீடு போல இருக்கும் அந்த இதத்துக்குள்தான் லீ வந்து நிற்பார்.

பிரிட்டிஷ் தணிக்கை இந்தப் படத்தில் சில காட்சிகளை வெட்டியிருந்தது. நாயகி மீனாவின் முகத்தருகே லீ மெல்லக் குனியும் காட்சியின் நீண்ட வடிவமும், வெயிலில் சாகும்போது அவர் தன் முகத்தைத் தானே பிய்த்தெடுப்பதும் இருந்த சுருள்கள் தோக்கியோவின் தேசிய ஃபிலிம் மையத்தில் அகப்பட்டன. இவற்றைச் சேர்த்து 2013இல் பிரிட்டனில் ப்ளூரே வந்தது. ரசிகர்கள் அரை நூற்றாண்டாகக் கேள்விப்பட்டு மட்டுமே இருந்த காட்சி! ஆவலோடு வட்டைப் போட்டால், படம் முழுக்க ஒரு நீலச் சாய்வு. தேன்நிறம் குளிர்ந்து கிடந்தது. ரத்தமும் கறுத்துப் போயிருந்தது. இன்றைய பேய்ப்படம் நீலமாக இருக்கிறது என்பதற்காக அன்றைய படத்துக்கும் அதே சட்டையை மாட்டியது போலத்தான் எனக்குப் பட்டது. 1922இன் படத்தைக் காப்பாற்றிய அதே நீலம் இங்கே படத்தைக் கெடுத்தது. அங்கே அது பிரிண்டிலேயே இருந்த சாயம்; இங்கே கணினி முன்னால் உட்கார்ந்தவரின் ருசி.

2018இல் அமெரிக்காவில் வார்னர் ஆர்க்கைவ் வெளியிட்ட ப்ளூரேயில் வெதுவெதுப்பு திரும்பியது, ரத்தம் ரத்தமாயிற்று. ஆனால் அதில் ஜப்பானியச் சுருள்களின் காட்சிகள் இல்லை. ஒன்றில் படம் இருக்கிறது, இன்னொன்றில் படத்தின் நிறம். இரண்டையும் வாங்கி வைத்திருக்கிறேன். திரைச்சீலையைப் பிடுங்க குஷிங் மேஜை மேல் ஓடும் இடம் வந்ததும் நிறுத்தி, எழுந்து போய் வட்டை மாற்றிவிட்டு வந்து உட்காருவேன். லீ சாம்பலாகும்வரை அந்த நீலத்தைப் பொறுத்துக்கொள்கிறேன்.