ஸ்டாக்கைக் குறைத்தல்: பைட் கணக்கும் பொறுப்புக் கணக்கும்

லினக்ஸில் சாதாரண நிரல் ஒன்றுக்கு வழக்கமாக 8 மெகாபைட் வரை ஸ்டாக் கிடைக்கும். அதே நிரல் ஒரு சிஸ்டம் கால் மூலம் கர்னலுக்குள் நுழைந்துவிட்டால், 64 பிட் இன்டெல், ஏஎம்டி கணினிகளில் அதற்கு 16 கிலோபைட்தான். 2014 வரை அதுவும் 8 ஆகத்தான் இருந்தது. விண்டோஸ் கர்னலிலும் தாராளம் இல்லை: 32 பிட்டில் 12 கிலோபைட், 64 பிட்டில் 24. இதில் டிரைவருக்குக் கிடைப்பது கடைசிப் பந்தி. கோப்பு முறைமை, நினைவக மேலாண்மை, பிளாக் அடுக்கு எல்லாம் எடுத்துக்கொண்டது போக மிஞ்சியதில் அது வேலையை முடிக்க வேண்டும். எவ்வளவு மிஞ்சியது என்பதும் டிரைவர் எழுதுபவருக்கு முன்கூட்டித் தெரியாது.

ஆகவே ஸ்டாக் பயன்பாட்டைக் குறைக்கும் பேட்ச்கள் கர்னலுக்கு ஓயாமல் வந்துகொண்டே இருக்கின்றன. பெரும்பாலும் அவற்றைத் தூண்டுவது கம்பைலர் எச்சரிக்கை. ஒரு ஃபங்ஷன் தனக்கென எடுக்கும் ஸ்டாக் இடம் 64 பிட்டில் 2048 பைட்டையும் 32 பிட்டில் 1024 பைட்டையும் தாண்டினால், வழக்கமான அமைப்பில் எச்சரிக்கை வரும். இந்தப் பழக்கம் தேவையானது; அதில் சந்தேகமில்லை. ஆனால் ஸ்டாக்கிலிருந்து எடுத்த தரவு எங்கே போகிறது, அதற்கு இனி யார் பொறுப்பு என்று கேட்காமல் செய்தால், பைட் குறையும், பிழை கூடும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடலாம். ரெஜிஸ்டர் மதிப்புகளின் அட்டவணையை ஃபங்ஷனுக்குள் சாதாரண அரேயாக அறிவித்தால், ஒவ்வொரு அழைப்பின்போதும் அதை ஸ்டாக்கில் நிரப்பும் கட்டளைகளைக் கம்பைலர் உருவாக்கக்கூடும். முன்னால் ‘ஸ்டேட்டிக் கான்ஸ்ட்’ என்று சேர்த்தால் போதும். அட்டவணை, படிக்க மட்டுமே முடிகிற பகுதிக்குப் போய்விடும். ஸ்டாக்கும் மிச்சம், கட்டளைகளும் மிச்சம். மாறாத தரவு என்பதால் பூட்டும் வேண்டாம், விடுவிக்கும் வேலையும் இல்லை. இந்த வகைப் பேட்ச்சில் குறை காண்பது கடினம்.

ஓடும்போது அளவு முடிவாகும் அரேக்களைக் கர்னலிலிருந்து ஒழித்தது இன்னொரு நல்ல காரியம். கர்னல் உருவாக்குநர் கீஸ் குக் முன்னின்று நடத்திய அந்த வேலை 2018 இறுதியில் வெளியான 4.20 பதிப்பில் நிறைவு பெற்றது. வெளியிலிருந்து வரும் ஒரு நீளம் கர்னல் ஸ்டாக்கின் அளவைத் தீர்மானிக்கும் ஆபத்து அத்தோடு போனது.

டிஜிட்டல் தொலைக்காட்சி டிரைவர்களின் வரலாற்றில் இந்தப் பழக்கத்தின் இரண்டு முகங்களையும் பார்க்கலாம். சில்லுக்கு மதிப்பு அனுப்பும் சிறு ஃபங்ஷன்கள் பல, வந்த நீளத்துக்கு ஏற்ப ஸ்டாக்கில் அரே போட்டுக்கொண்டிருந்தன. 2013இல் மௌரோ கார்வால்யோ செஹாப் அவற்றை 64 பைட் நிலையான பஃபர்களாக மாற்றினார். நீளம் மிஞ்சினால் எச்சரித்துவிட்டுப் பிழையோடு திரும்பும் சோதனையும் சேர்ந்தது. நாலு பைட் அனுப்பவும் 64 பைட் ஒதுக்குவதால் அன்றாடப் பயன்பாடு சற்றுக் கூடவே செய்தது. ஆனால் உச்சவரம்பு இன்னதென்று நிச்சயமானது. கர்னலுக்கு வேண்டியது அந்த நிச்சயம்தான்.

மறுமுகம் பிறகு தெரிந்தது. 2016 டிசம்பரில் வந்த 4.9 பதிப்பில் ஆண்டி லுட்டோமிர்ஸ்கியின் மாற்றத்தால், 64 பிட் இன்டெல் வகைக் கணினிகளில் கர்னல் ஸ்டாக் மெய்நிகர் முகவரிப் பரப்புக்கு நகர்ந்தது. ஸ்டாக் நிரம்பி வழிந்தால் பக்கத்து நினைவகத்தை ஓசையில்லாமல் கெடுப்பதற்குப் பதிலாக, காவல் பக்கத்தில் மோதி உடனே அகப்பட்டுவிடும். அந்த மாற்றம் இன்னொரு பழைய தவற்றையும் அம்பலமாக்கியது. யூஎஸ்பி தொலைக்காட்சி டிரைவர்கள் பல, ஸ்டாக்கில் இருந்த பஃபரை, சாதனம் நினைவகத்தைத் தானே அணுகும் டிஎம்ஏ முறைக்கு நேரடியாகக் கொடுத்துவந்தன. கூடாது என்று கர்னல் ஆவணம் ஏற்கெனவே சொல்லியிருந்த செயல் அது. பஃபர்கள் அவசரமாக டிரைவரின் சொந்த ஸ்ட்ரக்சருக்குள் மாற்றப்பட்டன. ஸ்டாக் பஃபர் அந்தந்த அழைப்புக்கே உரியது. ஸ்ட்ரக்சரில் உள்ளதோ எல்லா அழைப்புக்கும் பொது. எனவே மியூடெக்ஸ் என்ற பூட்டு தேவைப்பட்டது. சிஎக்ஸ்யூஎஸ்பி டிரைவரில் எழுதும் பாதை திருத்தப்பட்டது, படிக்கும் பாதை விடுபட்டது. 2017இல் இன்னொரு பேட்ச் வேண்டியிருந்தது. டிஜிடிவி டிரைவரில் செய்தியின் நீளம் பஃபருக்குள் அடங்குமா என்ற சோதனையும் பிறகுதான் வந்தது. நோக்கம் சரி. இடம் மாறிய தரவுக்குரிய விதிகள்தான் கூடவே போகவில்லை.

குறைகள் இங்கேதான் தொடங்குகின்றன. எச்சரிக்கை வந்ததும் பலர் நாடுவது, கர்னலிடம் நினைவகம் கேட்டுப் பெறும் கேமாலாக் ஃபங்ஷனை. அது தோல்வியடையலாம் என்பதால், தோற்கவே முடியாதிருந்த ஃபங்ஷனுக்குப் புதிதாக ஒரு தோல்விப் பாதை வருகிறது. ஒவ்வொரு வெளியேற்றத்திலும் விடுவிக்க வேண்டும். ஒன்றை மறந்தால் கசிவு. இன்டரப்ட் சூழலில் உறங்கக்கூடாது என்ற கட்டுப்பாடு வேறு. இன்னொரு விபரீதமும் உண்டு: நினைவகம் கேட்கும் அழைப்பே ஸ்டாக்கை மேலும் ஆழமாக்கும். 2014இல் மின்சான் கிம் காட்டிய அழைப்புத் தடத்தில், ஸ்வாப் எழுதும் பாதையின் அடியில் வர்ட்டியோ டிரைவர் கேமாலாக் அழைத்திருந்தது. எந்த ஒரு ஃபங்ஷனும் எச்சரிக்கை வரம்பை நெருங்கவில்லை. சிறுசிறு அளவுகள் சேர்ந்தே 8 கிலோபைட்டை விழுங்கின. அதன்பிறகுதான் அளவு 16 ஆனது.

வெறும் ‘ஸ்டேட்டிக்’ சேர்ப்பது இதைவிட மோசம். ஒரே வகைச் சாதனம் இரண்டு செருகப்பட்டால், இரண்டும் ஒரே பஃபரில் எழுதும். எச்சரிக்கை போய்விடும், எப்போதாவது தலைகாட்டும் பிழை மட்டும் தங்கிவிடும்.

ஃபங்ஷனைத் துண்டாக்கி இன்லைன் ஆகாமல் தடுப்பது மூன்றாவது வழி. துண்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக அழைக்கப்பட்டால் லாபம் உண்மையானது. ஒன்றுக்குள் ஒன்றாக அழைக்கப்பட்டால் மொத்த ஆழம் அப்படியே இருக்கும். வரம்பு மட்டும் ஏமாற்றப்படும். காசன் என்ற பிழைதேடும் கருவியை இயக்கித் தொகுக்கும்போது மாறிகளைச் சுற்றிக் காவல் இடம் சேர்வதால் பல டிரைவர்களில் எச்சரிக்கை எழுகிறது. அங்கே ஸ்டாக்கும் இருமடங்காக ஒதுக்கப்படுகிறது. அந்த எச்சரிக்கையை அடக்குவதற்காக, பயனர் ஓட்டும் நிரலைச் சிக்கலாக்குவது சரியல்ல.

என் தீர்ப்பு இது: மாறாத தரவுக்கு ஸ்டேட்டிக் கான்ஸ்ட், நீடிக்கும் தரவுக்குப் பூட்டோடு கூடிய டிரைவர் ஸ்ட்ரக்சர், பிரிக்க முடிந்த இடத்தில் அடுத்தடுத்து அழைக்கப்படும் சிறு ஃபங்ஷன்கள், கடைசியாகவே கேமாலாக். மாறக்கூடிய ஸ்டேட்டிக் பஃபர் இந்தப் பட்டியலிலேயே வேண்டாம். பேட்ச் அனுப்புவோருக்கு ஒரு வேண்டுகோள்: விளக்கத்தில் முன்பு இத்தனை பைட், இப்போது இத்தனை என்று மட்டும் எழுதாதீர்கள். எந்த அழைப்புப் பாதையில் ஆழம் குறைந்தது, இடம் மாறிய தரவை இனி யார் பூட்டுகிறார், யார் விடுவிக்கிறார் என்பதையும் எழுதுங்கள். அதை எழுத முடியாத பேட்ச்சை ஏற்க வேண்டியதில்லை.