வளையமா, துணைக்கோளா? - பார்த்தலும் பெயரிடுதலும் குறித்து

1

'மாநாடு' என்று எங்கள் தருமபுரிப் பக்கம் சொன்னால் லாரி, கொடி, புளிசோத்துப் பொட்டலம், விடிய விடிய மைக்செட் என்றுதான் மனசுக்குள் விரியும். அரூர்க்காரரான நண்பர், வானியல் ஆராய்ச்சி மாணவர், ஒரு பெரிய வானியல் மாநாட்டுக்குப் போய்த் திரும்பியிருந்தார். டீக்கடையில் விசாரணை நடந்தது. "மேடையில பேசினியாப்பா?" "இல்லண்ணே, போஸ்டர் ஒட்டினேன்." கடைக்காரர் சிரித்துவிட்டார். "போஸ்டர் ஒட்டவா அவ்ளோ தூரம் போனே?"

இந்தச் சிரிப்பை வெறும் அறியாமையென்று ஒதுக்க முடியாது. பெரிய வானியல் மாநாடுகளில் அரங்கம் முழுக்கக் கேட்கும் பேருரைகள் சில. பக்கத்து அறைகளில் பத்துப் பதினைந்து நிமிடம் பேசக் கிடைப்பவர்கள் கொஞ்சம் பேர். மீதிப்பேர் தம் ஆண்டுக்கணக்கான உழைப்பை ஒரு பலகையில் ஒட்டிவிட்டு, யாராவது நின்று கேட்பார்களா என்று பக்கத்தில் காத்திருப்பவர்கள். 'புதிய கண்டுபிடிப்புகளைப் பகிர்ந்துகொள்ளுதல்' என்ற நல்ல சொற்றொடருக்குள்ளே யாருடைய குரல் எவ்வளவு தூரம் கேட்கும் என்கிற பங்கீடும் இருக்கிறது. கடைக்காரர் தொட்டது அதைத்தான்.

2

நமக்கு அடுத்த வீட்டுக் கதை ஒன்று இருக்கிறது. ஜவ்வாது மலையில், அன்றைய வட ஆற்காட்டிலும் இன்றைய திருப்பத்தூர் மாவட்டத்திலும் சேரும் காவலூரில், வைணு பாப்புவின் முயற்சியால் வானாய்வகம் அமைந்தது. 1972இல் அங்கே ஒரு மீட்டர் தொலைநோக்கி வந்தது. 1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் கோள் ஒரு விண்மீனுக்கு முன்னால் நகர்ந்து போக இருந்தது. நண்பர் விளக்கிய விதத்திலேயே சொல்கிறேன்: தூரத்துத் தெருவிளக்குக்கும் நமக்கும் நடுவில் ஆள் போனால் விளக்கு ஒரு கணம் அணைந்து எரியும். ஆளைப் பார்க்க வேண்டியதில்லை, விளக்கைப் பார்த்தால் போதும்.

காவலூரில் பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் விளக்கைப் பார்த்தார்கள். கோளை விட்டு விலகிய ஓரிடத்தில் விண்மீன் மங்கி மீண்டது. யுரேனஸுக்கு ஒரு புதிய துணைக்கோள் என்று வாசித்து 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே இரவில் இந்தியப் பெருங்கடலின் தென்பகுதிக்கு மேலே கைப்பர் பறக்கும் ஆய்வகத்தில் இருந்த எலியட் குழுவினருக்குக் கோளின் இரண்டு பக்கத்துப் பதிவும் கிடைத்தது. அவர்களும் முதலில் சிறு துணைக்கோள்களாக இருக்கலாம் என்றே எண்ணினார்கள். முன்பக்கத்து மறைவுகளையும் பின்பக்கத்து மறைவுகளையும் ஒப்பிட்டபோது அவை ஜோடி ஜோடியாகப் பொருந்தின. அப்போதுதான் அது வளையம் ஆனது.

3

இந்தக் கதையை இரண்டு விதமாகச் சொல்வது சுலபம். 'நாம பார்த்ததை வெள்ளைக்காரன் தன் பேர்ல எழுதிக்கிட்டான்' என்கிற தேசியப் புலம்பல் ஒன்று. 'காவலூர்க்காரர்கள் தவறிவிட்டார்கள், அவ்வளவுதான்' என்கிற மதிப்பெண் போடும் பார்வை இன்னொன்று. இரண்டுமே கண்டுபிடிப்பு என்பதை ஒரு கணத்தில், ஒரு ஆளுக்கு நிகழ்வதாக நம்புகின்றன. தாமஸ் கூன் இந்த நம்பிக்கையைக் கலைக்க எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று இதே யுரேனஸ் என்பது தற்செயல்தான், ஆனாலும் பொருத்தம். 1690 தொடங்கிப் பலமுறை அது விண்மீனாகப் பார்க்கப்பட்டது. 1781இல் ஹெர்ஷல் அதை வால்வெள்ளி என்று அறிவித்தார். அதன் பிறகே அது கோள். வானத்தில் ஒன்றும் மாறவில்லை. பார்ப்பதற்கான சட்டகம் மாறியது.

அதற்காக எல்லாமே சொல்லாடல்தான், வளையம் என்பதும் ஒரு கட்டமைப்பு என்று நம்மில் சிலர் துள்ளுவதையும் ஏற்க முடியாது. காவலூர்க் குழு தன் வாசிப்பைப் பிடித்துத் தொங்கவில்லை. அதே 1977இல் பட்டாச்சார்யாவும் பாப்புவும் சேர்ந்து யுரேனஸின் வளைய அமைப்பு பற்றி எழுதினார்கள். 1986 ஜனவரி 24 அன்று வாயேஜர் 2 யுரேனஸை நெருங்கிப் படமெடுத்தபோது வளையங்கள் இருந்தன. நாம் என்ன பெயரிட்டாலும் அவை இருந்திருக்கும். அறிவில் அதிகாரம் கலந்திருக்கிறது என்பது வேறு, அறிவே அதிகாரம்தான் என்பது வேறு. பிழையைப் பொதுவில் வைத்துத் திருத்திக்கொள்ள ஒரு சபை வேண்டும். மாநாட்டின் நியாயம் அங்கே இருக்கிறது.

4

அந்தச் சபைக்கு 1979இல் தலைவரானவர் பாப்பு. சர்வதேச வானியல் ஒன்றியத்தின் அந்தப் பதவியில் இருந்தபோதே, 1982 ஆகஸ்டில் ம்யூனிக்கில் இறந்துபோனார். ஒன்றியத்தின் பொதுச்சபை 1985 நவம்பரில் தில்லியில் கூடியபோது அவர் இல்லை. 1986 ஜனவரி 6 அன்று காவலூரின் 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. இதே பொதுச்சபை 2006இல் ப்ராக் நகரில் கைதூக்கி வாக்களித்து ப்ளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து இறக்கியது. நம் கோயில் நவக்கிரகங்கள் இதனால் அசையவில்லை. அங்கே ப்ளூட்டோ எப்போதும் இருந்ததில்லை. பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் மட்டும் அசைந்தது. ஆப்பிரிக்க மண்ணில் இந்தச் சபை முதன்முதலாகக் கூடியது 2024இல், கேப் டவுனில். வானம் எல்லோருக்கும் பொது என்கிறோம். சபை கூடும் இடமும் அது பேசும் மொழியும் அப்படிப் பொதுவாக இருந்ததில்லை.

தொலைநோக்கிக்கு வேண்டியது இருட்டு. வெளிச்சம் அதிகம் எட்டாத மலை என்பதால் அங்கே விண்மீன் துலங்குகிறது. மலைக்காரர்கள் தந்த பங்கு அந்த இருட்டு. அவர்களுக்குத் திரும்பக் கிடைத்தது என்ன? மாநாடு முடிந்த பிறகு தமிழில் ஒரு சுருக்கம் போட்டுவிட்டால் 'பகிர்வு' முடிந்துவிடுமென்று நாம் நினைக்கிறோம். சுருக்கம் என்பது விடையை மட்டும் இறக்கிவைப்பது. கேள்வி அங்கேயே தங்கிவிடுகிறது.

டீக்கடையில் நடந்ததோ வேறு. தெருவிளக்கு உதாரணத்தை நண்பர் முடித்ததும் கடைக்காரர் வடிகட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "ஒரு தடவை மறைஞ்சதை வெச்சு அது ஆளா, சுத்தி வேலியான்னு எப்படிச் சொல்லுவே? அந்தப் பக்கமும் அதே தூரத்துல மறையுதான்னு பாக்க வேணாமா?"

எலியட் தன் பதிவுத்தாளில் பார்த்தது இதைத்தான். கடைக்காரருக்கு யுரேனஸ் தெரியாது. கேள்வி தெரிந்திருக்கிறது. நண்பர் போஸ்டரைச் சுருட்டி வைத்துவிட்டு இன்னொரு டீ சொன்னார்.