இலை ஒன்று, அடுப்பு இரண்டு

இலங்கையில் யாருக்காவது தடிமன் பிடித்தால் முதலில் அடுப்பில் ஏறுவது கொத்தமல்லி. சிங்களவர், தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாடு இதில் கிடையாது. லேசாக வறுத்த மல்லியையும் தட்டிய இஞ்சியையும் நீரில் போட்டு, பாதியாக வற்றும்வரை அவித்து, வடித்துச் சூட்டோடு குடிப்பார்கள். காய்ச்சலும் சேர்ந்துகொண்டால் ஒரு துண்டு வெனிவெல்லும் உள்ளே விழும். நம் ஊரில் அதற்கு மரமஞ்சள் என்று பேர். கசப்பு நாக்கை விட்டு எளிதில் போகாது. தமிழ்நாட்டில் அதே சளிக்கு மல்லி துணைச்சரக்குதான். சுக்கு, மிளகு, திப்பிலி, துளசி, கற்பூரவல்லி எல்லாம் முன்வரிசையில் நிற்க, மல்லி கருப்பட்டியோடு சுக்குமல்லிக் காப்பியில் வந்து சேர்ந்துகொள்ளும். மரமஞ்சள் வாங்கி வைத்திருக்கும் வீடு அபூர்வம்.

இரண்டு நாட்டு வழக்கத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சரக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. சென்னையில் ராசப்ப செட்டித் தெரு நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் வேரும் பட்டையும் பெரும்பாலும் கொழும்புப் புறக்கோட்டையிலும் கிடைக்கும். இலங்கை அன்றாடம் அவிக்கும் கொத்தமல்லியே அங்கு பெரிதாக விளைவதில்லை; இந்தியா முதலிய நாடுகளிலிருந்துதான் போகிறது. 2020இல் மஞ்சள் இறக்குமதிக்கு அந்நாட்டு அரசு தடை போட்டிருந்தது. கொரோனா நேரத்தில் மஞ்சளுக்குத் தேவை ஏற, விலை பல மடங்கானது. ராமேசுவரம், மண்டபம் கரைகளில் படகுக்குக் காத்திருந்த மஞ்சள் மூட்டைகள் அடிக்கடி பிடிபட்டன.

வித்தியாசம், இலையிடம் நாம் என்ன எதிர்பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது. இரண்டு ஊர்க் காலை நேரத்தைப் பார்த்தாலே தெரியும். கொழும்பில் நடைப்பயிற்சி முடித்து வருபவர்களுக்குச் சாலையோரத்தில் விற்பது கொலகெந்த என்ற இலைக்கஞ்சி. வல்லாரை, சாத்தாவாரி போன்ற ஏதாவது ஓர் இலையை அரைத்துச் சாறெடுத்து, குழைய வெந்த அரிசியில் தேங்காய்ப்பாலோடு இறக்குகிற சமயத்தில் சேர்ப்பார்கள். கடித்துக்கொள்ளக் கித்துள் கருப்பட்டி. இது காலை உணவு. என்ன நோய்க்கு என்று யாரும் கேட்பதில்லை. சென்னைப் பூங்காக்களின் வாசலிலும் மூலிகை விற்கிறார்கள். ஆனால் அங்கே பலகை பேசும்: அருகம்புல் ரத்தசுத்திக்கு, வாழைத்தண்டு சிறுநீரகக் கல்லுக்கு, முடக்கத்தான் மூட்டுவலிக்கு. இலைக்குப் பக்கத்தில் நோயின் பெயரும் எழுதியிருந்தால்தான் நமக்குக் கை நீளுகிறது.

வல்லாரையின் கதையும் இதுதான். இலங்கையில் அது தேங்காய்ப்பூவோடும் சின்ன வெங்காயத்தோடும் எலுமிச்சை பிழிந்த பச்சைச் சம்பல்; மதியச் சோற்றுப் பொதியிலும் இருக்கும். தமிழ்நாட்டில் அதை ‘ஞாபகசக்தி’க்கு என்று ஒதுக்கி, தேர்வுக் காலத்தில் பிள்ளைகளுக்கு மாத்திரையாகக் கொடுக்கிறோம். ஆவாரையும் சிறுபீளையும் இன்னும் சுவையான உதாரணங்கள். கொங்கு நாட்டில் போகியன்று இவ்விரண்டையும் வேப்பிலையோடு சேர்த்துக் கட்டி, வீட்டு முகப்பில் காப்பாகச் செருகுகிறோம். இலங்கையில் அதே ஆவாரை ‘ரணவர’, சிறுபீளை ‘பொல்பல’ என்ற பெயர்களில் பொட்டலமாகக் கடைக்கு வருகின்றன. தேத்தண்ணிக்குப் பதிலாக அவித்துக் குடிக்கிறார்கள்.

யாழ்ப்பாணம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. வல்லாரைச் சம்பலும் உண்டு. முசுட்டை, முல்லை, தூதுவளை இலைகள் போட்ட இலைக்கஞ்சியும் உண்டு. பிள்ளை பெற்ற பெண்ணுக்கு மிளகாய் இல்லாமல் மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், உள்ளி அரைத்து வைக்கும் சரக்குக் கறி, நம் ஊர்ப் பத்தியக் குழம்புக்கு நெருங்கிய உறவு. யாழ்ப்பாண அரசர் காலத்துப் ‘பரராசசேகரம்’, ‘செகராசசேகரம்’ என்ற மருத்துவ நூல்கள் சித்த மருத்துவம் அங்கே ஆழமாக வேர்விட்டதைக் காட்டுகின்றன. பரியாரியார் வீட்டுக்குப் போய் நாடி பார்த்து மருந்து வாங்குவதும், வீட்டுக் கோடியில் இலை பறித்துக் கஞ்சி காய்ச்சுவதும் அங்கே ஒரே குடும்பத்தில் நடக்கும். ஆனால் இரண்டையும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள்.

தமிழ்நாட்டின் பலம் அளவும் செய்முறையும். 1964இல் பாளையங்கோட்டையில் சித்த மருத்துவக் கல்லூரி வந்தது; 2005இல் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம். 2012 டெங்குப் பரவலின்போது அரசே நிலவேம்புக் குடிநீரை மக்களிடம் கொண்டுபோனது. அதில் நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை, சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு. சூரணத்தை 240 மி.லி. நீரிலிட்டு 60 மி.லி.யாக வற்றவைக்க வேண்டும் என்ற கணக்கு பொட்டலத்திலேயே வரும். இலங்கையின் மரபுக் கஷாயத்துக்கும் கணக்கு உண்டு. அது எட்டுப் பங்கு நீரை ஒன்றாகக் குறுக்குவது. ஆனால் அந்தக் கணக்கு வைத்தியரின் சீட்டுக்கு உரியது. வீட்டு மல்லித் தண்ணி கண்ணளவில் நடக்கிறது. உணவுச் சரக்கு என்பதால் அதில் குடி முழுகுவதில்லை.

சட்டத்தில் இலங்கை வேறு வழி போயிற்று. 1961ஆம் ஆண்டின் ஆயுர்வேதச் சட்டம் சித்தம், யுனானி, சிங்கள நாட்டு வைத்தியம் எல்லாவற்றையும் ஆயுர்வேதம் என்ற ஒரே குடைக்குள் கொண்டுவந்தது. இந்தியாவில் சித்தமும் ஆயுர்வேதமும் தனித்தனிப் படிப்பு, தனித்தனிப் பட்டம்.

கொரோனா வந்ததும் இரண்டு கரையும் ஒரே குழியில் விழுந்தன. இங்கே பதினைந்து சரக்குள்ள கபசுரக் குடிநீரைத் தெருமுனையில் அண்டா வைத்து ஊற்றினார்கள். வைத்தியர் நாள் கணக்குச் சொல்லித் தரவேண்டிய மருந்து, சிலர் வீட்டில் மாதக்கணக்கில் தினசரிப் பானமானது. அங்கே 2020 டிசம்பரில் கேகாலைப் பக்கம் தேனும் ஜாதிக்காயும் சேர்த்து ஒருவர் காய்ச்சிய பாணிக்காக ஆயிரக்கணக்கானோர் முண்டியடித்தனர். அதைப் பகிரங்கமாகக் குடித்துக் காட்டிய அப்போதைய சுகாதார அமைச்சர் பவித்ரா வன்னியாராச்சிக்கு அடுத்த மாதமே தொற்று உறுதியானது. மருந்தை உணவாக்கியது நம் பிழை; உணவுச் சரக்கை மருந்தாக்கியது அவர்கள் பிழை.

அவசர வாழ்க்கை இன்னொரு மாற்றத்தையும் கொண்டுவந்திருக்கிறது. வெனிவெல், பத்படகம், கண்டங்கத்திரி, இஞ்சி, மல்லி ஆகிய ஐந்தும் சேர்ந்த ‘பஸ்பங்குவ’ இன்று கட்டிய பொட்டலமாகக் கிடைக்கிறது. வெந்நீரில் கரைத்தால் போதும் என்கிற சமஹன் தூள் தமிழ்நாட்டுக் கடைகள்வரை வந்துவிட்டது. பதினான்கு மூலிகை கொண்ட அந்தத் தூளில் சர்க்கரையும் உண்டு என்பதை நீரிழிவுக்காரர் மறக்கக்கூடாது. சித்த மருத்துவமோ குடிநீருக்கு மூன்று மணி நேரம், சூரணத்துக்கு மூன்று மாதம் என்று ஆயுள் வகுத்தது. காலையில் காய்ச்சியதை இரவுவரை வைத்துக் குடிப்பது அந்தக் கணக்குக்கு ஒத்துவராது.

பெயரை மட்டும் நம்பி வாங்குவதிலும் ஆபத்து இருக்கிறது. பற்படாகம் என்று தமிழ்நாட்டுச் சித்த மருத்துவம் கொள்ளும் செடி வேறு. இலங்கையில் ‘பத்படகம்’ என்று பஸ்பங்குவவில் சேர்க்கும் செடி வேறு. ஒரு நாட்டுக் குறிப்பைப் படித்து இன்னொரு நாட்டுக் கடையில் சரக்குக் கேட்பவர் இதை நினைவில் வைக்கவேண்டும்.

புதிதாக மூலிகைப் பழக்கம் தொடங்குபவர் இலங்கையின் வழியில் தொடங்கலாம்: வாரத்தில் இரண்டு நாள் வல்லாரையோ தூதுவளையோ சோற்றோடு, தடிமனுக்கு இரண்டு மேசைக்கரண்டி மல்லி, ஒரு துண்டு இஞ்சி, மூன்று குவளை நீர். இவற்றுக்கு நோய்ப் பெயர் தேவையில்லை. கசப்பான கூட்டு மருந்து என்று வந்துவிட்டால் தமிழ்நாட்டின் வழிக்கு மாறவேண்டும்: பதிவுபெற்ற வைத்தியர், அளந்த சரக்கு, எத்தனை நாள் என்ற வரம்பு. நீரிழிவு மாத்திரை எடுப்பவர் ஆவாரையையும், ரத்த அழுத்தம் உள்ளவர் அதிமதுரத்தையும் தொடர்ந்து குடிக்குமுன் மருத்துவரிடம் சொல்லவேண்டும். கர்ப்பிணிகள் எதற்கும் கேட்டே குடிக்கவேண்டும். இரண்டு நாட்டிலும் டெங்கு நிரந்தர விருந்தாளி. காய்ச்சல் இரண்டு நாள் தாண்டினால் மல்லித் தண்ணியும் நிலவேம்பும் இருக்கட்டும். ரத்தப் பரிசோதனைக்குப் போய்விடவேண்டும்.