கண்ணீர் பட்ட மாலை: மாதவியும் மணிமேகலையும் தோட்டத்து மேடையில்



நம் பள்ளி விழா மேடையில் அம்மா எப்படி வருவார் என்று ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். ஒன்று, எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளும் தியாகத் தாய். இல்லையென்றால், மகளின் வாழ்க்கையைக் கெடுக்கும் பொல்லாத தாய். கடைசிக் காட்சியில் மகள் ஓவென்று அழுது காலில் விழுவாள். திரை விழும். நாமும் கைதட்டிவிட்டு மீகூன் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போவோம். அங்கே அழுகை இருந்தது, சரி. துக்கம் இருந்ததா?

தாய்க்கும் மகளுக்கும் நடுவில் இருப்பது அவ்வளவு லேசான சங்கதி இல்லைங்க. அதைக் காட்ட நாம் வெளியே எங்கும் தேடிப் போக வேண்டாம். சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையே போதும். நாம் அதைப் பெரும்பாலும் பசிப்பிணி போக்கிய அமுதசுரபியின் கதையாகவே நடத்திவிடுகிறோம். அதன் தொடக்கத்தில் உள்ள வீட்டுத் துக்கத்தைத் தாண்டிப் போய்விடுகிறோம்.

மாலை கட்டும் மகள்

கோவலன் இறந்துவிட்டான். மாதவி ஆடலை விட்டுத் துறவு மேற்கொள்கிறாள். இந்திர விழா வருகிறது. மாதவி ஆடவில்லையே என்று ஊர் பேசுகிறது. அவளை அழைத்துவரச் சித்திராபதி வசந்தமாலையை அனுப்புகிறாள். மாதவி மறுக்கிறாள். மணிமேகலை கண்ணகியின் மகள், அவள் தவநெறியில்தான் செல்வாள் என்று உறுதியாகச் சொல்லிவிடுகிறாள். இது இரண்டாம் காதை.

அடுத்த காதையின் தொடக்கத்தைக் கவனியுங்கள். இவ்வளவு பேச்சையும் மணிமேகலை பக்கத்திலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். அவள் கையில் பூமாலை. தந்தைக்கும் கண்ணகிக்கும் நேர்ந்ததைக் கேட்டுக் கண்ணீர் வழிகிறது. அது மாலையில் விழுகிறது. மாதவி மகளின் கண்ணைத் துடைக்கிறாள். கண்ணீர் பட்டதால் மாலை தூய்மை இழந்தது, புதுப்பூ பறித்து வா என்கிறாள்.

தமிழ் நாடகத்துக்கு இதைவிட நல்ல தாய்–மகள் காட்சி கிடைப்பது அரிது. கண்ணைத் துடைக்கும் கை அன்பின் கை. மாலையை மாற்றச் சொல்லும் வாய் என்ன சொல்கிறது? 'உன் துக்கம் இந்தக் காரியத்துக்கு ஆகாது' என்பது போலவும் ஒலிக்கிறது இல்லையா? இரண்டும் ஒரே அம்மாவிடமிருந்து, ஒரே நேரத்தில் வருகின்றன.

மகளைக் கேட்டது யார்?

சித்திராபதியைச் சூழ்ச்சிக்காரி என்று எழுதிப் பழகிவிட்டோம். பதினெட்டாம் காதையில் அவள் உதயகுமரனைத் தூண்டிவிடுவது உண்மைதான். ஆனால் அவள் பக்கத்தையும் பாருங்கள். மகள் துறவியாகிவிட்டாள். பேத்தி பாத்திரம் ஏந்துகிறாள். தனக்குத் தெரிந்த ஒரே வாழ்வு கண்முன்னே முடிந்துபோவதைப் பார்க்கும் கிழவி அவள். அவளுக்கும் அது இழப்புதான்.

மாதவி அதற்கு நேர் எதிர் என்று தோன்றும். ஆனால் ஓர் இடத்தில் இருவரும் ஒன்று. சித்திராபதி பேத்திக்கு ஆடலரங்கைத் தீர்மானிக்கிறாள். மாதவி மகளுக்குத் தவத்தைத் தீர்மானிக்கிறாள். அந்தக் காட்சியில் மணிமேகலையை யாரும் கேட்கவில்லை. அவள் மனம் வேறு திசையிலும் ஓடியது என்பதற்குக் காப்பியத்திலேயே சான்று உண்டு: உவவனத்தில் உதயகுமரன் போன பிறகு, தன் நெஞ்சம் அவன்பின் சென்றதைச் சுதமதியிடம் அவளே ஒப்புக்கொள்கிறாள்.

அதனால்தான் வஞ்சிமாநகர் புக்க காதை முக்கியம். அங்கே கண்ணகியின் படிமத்தின் முன் நிற்கும் மணிமேகலை வணங்குவதோடு நிற்கவில்லை, கேள்வி கேட்கிறாள். கணவனோடு உயிர்விடாமலும் தவம் மேற்கொள்ளாமலும் ஏன் இந்த வழியை எடுத்தாய் என்பது அதன் சாரம். பெற்ற தாயிடம் வாய் திறவாமல் அழுதவள், தாயென்று சொல்லித்தரப்பட்டவளிடம் பேசுகிறாள். என் பார்வையில் மணிமேகலை வளர்ந்துவிட்டாள் என்பதற்கு இந்தக் கேள்வியே அடையாளம்.

கேமரன் மலையில் இதை ஏன் போட வேண்டும்?

1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் இங்கே போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். அது முதல் ஹாபு, ரிங்லெட், சுங்கை பாலாஸ் பக்கத்துச் சரிவுகளில் நம் பெண்கள் கொழுந்து பறித்தார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போனார்கள். "இந்தக் கூடை என்னோட போகட்டும், நீ படிச்சுக் கீழ போயிடு" என்று மகளிடம் சொன்ன அம்மாக்கள் எத்தனை பேர்! மகளும் படித்தாள், ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ இறங்கினாள். அம்மா லயத்து வீட்டில் தனியானார். சாவுச் செய்தி கேட்டு மலைப்பாதையில் ஏறி வரும் மகளுக்கு நன்றியும் இருக்கும், 'என்னை ஏன் தூர அனுப்பினாய்' என்ற கோபமும் இருக்கும்.

இரண்டு தொழிலையும் சமமாக்கவில்லை. தயவுசெய்து அப்படிப் படிக்காதீர்கள். கொழுந்துக் கூடையில் இழிவு ஒன்றும் இல்லை. தன் வாழ்வு மகளுக்கு வேண்டாம் என்று முடிவெடுக்கும் தாயின் மனம்தான் ஒப்புமை.

யாழ்ப்பாணத்தில் குழந்தை ம. சண்முகலிங்கம், பிள்ளைகள் நாடு விட்டுப் போனபின் தனித்துப்போன பெற்றோரை 'எந்தையும் தாயும்' நாடகத்தில் மேடையேற்றினார். தமிழ்நாட்டில் கவிஞர் இன்குலாப் மணிமேகலையையே நாடகமாக எழுதினார். நமக்கு வழி புதிதல்ல.

ஒப்பாரி கற்றுத்தருவது

துக்கத்தை நடிக்கச் சொன்னால் மாணவர்கள் சத்தம் போட்டு அழுவார்கள். ஒப்பாரியைக் கேட்கச் சொல்லுங்கள். அதில் வெறும் அழுகை இல்லை. கணக்குத் தீர்ப்பதும் உண்டு. தூரத்தில் கட்டிக்கொடுத்த குறை, சீர் செய்யாத அண்ணன்மேல் குறை எல்லாம் அங்கே வெளிவரும். புகழும் புகாரும் ஒரே மூச்சில் வரும். மேடைக்கு வேண்டிய துக்கம் அதுதான்.

ஆகவே காட்சியை இப்படி அமைத்துப் பாருங்கள். மாதவியும் வசந்தமாலையும் பேசட்டும். மணிமேகலைக்கு வசனமே வேண்டாம். மாலை மட்டும் கட்டட்டும். கண்ணீர் விழுந்ததும் அவள் கை நிற்கட்டும். மாதவி கண்ணைத் துடைத்த பிறகு, 'புதுப்பூ பறித்து வா' என்பதற்கு முன், பத்து விநாடி அமைதி. பின்னணி இசை போட்டுக் கெடுத்துவிடாதீங்க! ஒப்பனைக்கும் ஒலிபெருக்கிக்கும் செலவிடும் நேரத்தை அந்தப் பத்து விநாடிக்குக் கொடுங்கள்.

தேர்வு மாணவர்களுக்கு

பாத்திரப் படைப்பு வினாவில் "மாதவி சிறந்த தாய்" என்று எழுதி நிறுத்தாதீர்கள். "மகளைத் தன் துன்பத்திலிருந்து காக்க விரும்பிய மாதவி, அந்தத் துன்பத்தையே அவளுக்கு வழியாகவும் வகுத்தாள்" என்று எழுதி, மாலைக் காட்சியைச் சான்றாகக் காட்டுங்கள். சித்திராபதிக்கும் ஒரு பத்தி ஒதுக்குங்கள். குற்றம் சாட்டுவது எளிது. ஒரு பாத்திரம் ஏன் அப்படி நடந்துகொண்டது என்று விளக்கும்போதுதான் அது திறனாய்வாகிறது.

எழுதி முடித்ததும் ஒரு வேலை செய்யுங்க. வீட்டுக்குப் போய், "நீங்க என்னவாகணும்னு நினைச்சீங்க அம்மா?" என்று கேளுங்கள். மணிமேகலைக்கு அப்படிக் கேட்கும் வாய்ப்பு அந்தப் பூமண்டபத்தில் கிடைக்கவில்லை.